சீட்டாட்டத்தில் எழும் வழக்குகள்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மாத்தளையைக் கடந்து தம்புள்ளையை அடையுமுன், நாலந்தா என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்குள்ள கெடிகே என்னும் கற்றளியைப் பற்றி நேயர்களுட் பலர் கேள்வியுற்றிருப்பர். கி. பி. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்ததாகக் கருதப்படும் அக்கட்டடம் பௌத்தர்களின் வழிபாட்டிடம். ஆயினும் அமைப்பிலே பல்லவர் காலத்துத் தென்னாட்டுக் கோயில்களை ஒத்தது. மகாவலித் திட்டத்தின் கீழ்ப் போவத்தென்ன நீர்த்தேக்கம் உருவானபோது அது நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. ஆகவே 1970களின் பிற்பகுதியில் அதனைக் கல் கல்லாகக் கழற்றி, உயர்ந்த இடமொன்றில் மீண்டும் அடுக்கி நிறுத்தினர். இருவேறு மரபுகள் ஒரே கட்டடத்தில் இணைந்து நிற்பதற்கும், ஒழுங்காகக் கழற்றப்பட்ட ஒன்று ஒழுங்காக மீண்டும் சேர்க்கப்படக் கூடும் என்பதற்கும் அது ஒரு சான்று. இவ்விரண்டு செய்திகளும் சீட்டாட்டத்தைப் பற்றிய இப்பேச்சுக்குப் பெரிதும் துணைபுரிவன.

நாலந்தா ஊடாகச் செல்லும் அந்த நெடுஞ்சாலை போர்க்காலத்தில் வடக்கே பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009ஆம் ஆண்டின் பின் மீண்டும் திறக்கப்பட்டது. வடக்கிலிருந்து வருவோரும் தெற்கிலிருந்து வருவோரும் இத்தகைய வழியூர்களில் இளைப்பாறுவது இன்று இயல்பாகிவிட்டது. அத்தகைய நால்வர், இருவர் சிங்களவர், இருவர் தமிழர், ஒரு மரநிழலில் அமர்ந்து ஒரு கட்டுச் சீட்டைப் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிங்கள நண்பர்களுக்குப் பழக்கமானது ஓமி என்னும் ஆட்டம். யாழ்ப்பாணத்தாருக்குப் பழக்கமானது முன்னூற்று நான்கு. இரண்டிற்கும் வேண்டிய சீட்டுகள் முப்பத்திரண்டுதான். இரண்டிலும் எதிரெதிரே அமர்ந்தவர் கூட்டாளிகள். இரண்டிலும் துரும்பு உண்டு. ஒருவரையொருவர் “மச்சான்” என்று அழைத்துக்கொள்வதிலும் இரு சாராருக்கும் வேற்றுமை இல்லை. ஆதலால் ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம் என்றே தோன்றும்.

ஆனால் முதற் பிடியிலேயே வழக்குத் தோன்றிவிடும். சிங்கள நண்பர் ஓர் ஆசைப் போட்டுவிட்டுப் பிடி தமக்கே என்று கை நீட்டுவார். யாழ்ப்பாணத்து நண்பரோ அதே இனத்தில் ஓர் ஒன்பதைப் போட்டுவிட்டு, “இல்லை மச்சான், பிடி என்னுடையது” என்பார். இருவரும் பொய்யுரைக்கவில்லை. ஓமியில் ஆசு தலையானது. அதன்பின் ராசா, ராணி, ஜாக், பத்து, ஒன்பது என இறங்கிச் செல்லும். முன்னூற்று நான்கிலோ ஜாக் தலையானது. அதற்கு முப்பது புள்ளி. அடுத்தது ஒன்பது, அதற்கு இருபது. ஆசுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து, ராசாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு எழுபத்தாறு புள்ளியாக நான்கு இனங்களுக்கும் முன்னூற்று நான்கு புள்ளி வருவதே ஆட்டத்தின் பெயர்க்காரணம். ஆகவே இந்த வழக்கு சீட்டைப் பற்றியதன்று. எந்த ஆட்டம் ஆடப்படுகிறது என்பதைப் பற்றியது. விதி பற்றிய பூசல்களுட் பெரும்பாலானவை இவ்வகையினவே. இருவர் இருவேறு விதிகளை மனத்திற் கொண்டு, மற்றவரும் அதனையே கொண்டிருக்கிறார் என நம்பி ஆடுவதால் விளைவன அவை.

இரண்டாவது வகை வழக்கு சொல்லினால் வருவது. ஓமியில் ஒரு கட்சியார் எட்டுப் பிடிகளையும் தாமே எடுத்துவிட்டால் அதனைக் “கபோதி” என்பர். வெற்றியின் உச்சத்தைக் குறிக்கும் சொல் அது. தமிழரின் காதுக்கோ அது குருடன் என்னும் பொருள்படும் வசைமொழி! எட்டுப் பிடியையும் இழந்த தமிழ் நண்பர், தம்மை எதிரி வசைபாடுவதாக எண்ணிச் சினங்கொள்ளக்கூடும். நகைச்சுவைபோலத் தோன்றினும் இதில் ஓர் உண்மை உண்டு. ஆட்டத்தில் வழங்கும் சொல்லுக்கு ஆட்டம் தரும் பொருளே பொருள்; ஊரில் வழங்கும் பொருளை அங்கே கொண்டுசெல்லலாகாது.

மூன்றாவது வகை வழக்கு மறைவினால் வருவது. முன்னூற்று நான்கில் கேள்வியை வென்றவர் தமது துரும்பை இன்னதென்று சொல்லாமல், ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து ஆட்டத்தை நடத்தலாம். அப்போது கேட்ட இனம் கையில் இல்லாதவர் தமது சீட்டைக் கவிழ்த்துப் போடுவார். பிடி முடிந்ததும் துரும்பு வைத்தவரே அச்சீட்டைப் புரட்டிப் பார்ப்பார். அது துரும்பாயின் துரும்பு இனம் வெளிப்படும். அன்றாயின் பிறர் காணாதபடி மீண்டும் கவிழ்க்கப்படும். இங்கே ஓர் விந்தையைக் காண்க. ஆட்டத்தில் ஒரு கட்சியைச் சேர்ந்தவரே அந்தக் கணத்தில் நீதிபதியுமாகிறார். அவர் பொய் சொன்னால் என்ன செய்வது? ஆட்டம் முடிந்ததும் சீட்டுகள் யாவும் எல்லோருடைய கண்முன்னும் வந்துவிடும் என்பதே அதற்குரிய காப்பு. பிற்பாடு சோதித்துப் பார்க்கத்தக்க இடத்தில்தான் ஒருவரின் வார்த்தையை உடனடியாக ஏற்றுக்கொள்வது பாதுகாப்பானது.

நான்காவது வகை, பிழை நேர்ந்தபின் என்ன செய்வது என்பது. கேட்ட இனம் கையிலிருந்தும் ஒருவர் மறந்து வேறு சீட்டைப் போட்டுவிட்டார். இரண்டு பிடி கழிந்தபின்னரே அது தெரியவந்தது. அந்த ஆட்டமே தோற்றதாக வேண்டும் என்பார் ஒருவர். சீட்டைத் திருப்பி எடுத்து மீண்டும் ஆடலாம் என்பார் மற்றொருவர். “எங்கள் ஊரில் இதுதான் வழக்கம்” என்னும் சொல் அப்போது நாற்புறமும் கேட்கும். விதியை மீறியவருக்கு என்ன பரிகாரம் என்பதை விதியே முன்னதாகக் கூறாவிட்டால், குரல் பெரியவருடைய தீர்ப்பே தீர்ப்பாகிவிடும். சிறுவனும் முதியவரும் சேர்ந்து ஆடும்போது எப்பொழுதும் சிறுவனே விட்டுக்கொடுக்க நேர்வது இதனாலேயே. அநீதி என்பது இன்னதென்று ஒரு பிள்ளை முதன்முதல் அறிந்துகொள்வது பெரும்பாலும் விளையாட்டிலேதான் என்பதை நினைத்துப் பார்த்தால், இது சிறு விடயமன்று என்பது புலனாகும்.

இதனை உணர்ந்தே மேனாட்டார் சீட்டாட்ட விதிகளை நூலாக எழுதி வைத்தனர். 1742ஆம் ஆண்டில் இலண்டனில் எட்மண்ட் ஹொயில் என்பவர் விஸ்ட் என்னும் ஆட்டத்தைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அது அடைந்த புகழினால், “ஹொயில் சொன்னபடி” என்னும் தொடரே ஆங்கிலத்தில் முறைப்படி என்னும் பொருளில் வழங்கலாயிற்று. விஸ்டின் வழிவந்த பிரிட்ஜ் ஆட்டத்தில், மேலே கூறிய இனம் தப்பிய பிழைக்கு எத்தனை பிடியை எதிர்க்கட்சிக்குக் கொடுக்கவேண்டும் என்பதும் சட்டமாக எழுதப்பட்டுள்ளது. சீட்டுகள் ஐம்பத்திரண்டே; அவற்றின் தொழிலும் மாறுவதில்லை. ஆகவே ஒரு சிறு நூலுள் விதிகளை அடக்கிவிடுதல் இயலுவதாயிற்று.

ஆனால் 1993ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. அமெரிக்காவைச் சேர்ந்த கணித அறிஞர் ரிச்சட் கார்ஃபீல்ட் வகுத்த “மேஜிக்: த கேதரிங்” என்னும் ஆட்டம் அவ்வாண்டு வெளிவந்தது. சேகரித்தும் பண்டமாற்றுச் செய்தும் ஆடும் சீட்டாட்டம் என்னும் புதிய வகை அதனோடு தோன்றியது. 1996இல் ஜப்பானில் போக்கிமான் சீட்டுகளும், 1999இல் யூகியோ சீட்டுகளும் தொடர்ந்தன. இவற்றில் இரு ஆட்டக்காரரும் ஒரே கட்டைப் பங்கிட்டுக்கொள்வதில்லை. ஒவ்வொருவரும் தாம் சேகரித்த சீட்டுகளிலிருந்து தமக்கென ஒரு கட்டை அமைத்துக்கொண்டு வருவர். ஒவ்வொரு சீட்டிலும் அச்சீட்டுக்கே உரிய விதி அச்சிடப்பட்டிருக்கும். மேஜிக் ஆட்டத்தில் மட்டும் இதுவரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு சீட்டுகள் வெளிவந்துள்ளன. எதிரி எடுத்து வைக்கும் சீட்டு ஒருவர் தம் வாழ்நாளிற் கண்டிராத சீட்டாகவும் இருக்கலாம். இருபதாயிரம் விதிகளில் எந்த இரண்டும் எப்பொழுது வேண்டுமானாலும் ஒன்றோடொன்று மோதலாம் என்றால், அங்கே எழும் வழக்குகளுக்கு அளவேது! அவ்வாட்டத்தின் முழு விதிநூல் இன்று இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. ஆயினும் அதன் அடிப்படையாக நிற்பவை சில கோட்பாடுகளே. அவற்றை அறிந்துகொண்டால், முன்னூற்று நான்கு ஆடுவோருக்கும் அவை பயன்படும்.

முதலாவது கோட்பாடு, பொது விதியும் சீட்டில் எழுதிய விதியும் முரண்பட்டால் சீட்டில் எழுதியதே வலியது என்பது. இதனை அவர்கள் பொன்விதி என்பர். தமிழ் இலக்கணம் கற்றோருக்கு இது புதிதன்று. பொதுவிதியை முதலிற் கூறிச் சிறப்புவிதியால் அதனை விலக்கி, எஞ்சியவற்றைப் புறனடையால் தழுவிக்கொள்வது நம் இலக்கண நூலாரின் முறை. சிறப்புவிதி பொதுவிதியை அழிப்பதில்லை. தனக்குரிய இடத்தில் மட்டும் அதனை விலக்கி நிற்கிறது. ஒரு சீட்டு “ஒரு முறைக்குப் பதிலாக இருமுறை செய்யலாம்” என்று கூறினால், அந்த ஒன்றில் மட்டுமே பொதுவிதி விலகும். ஏனைய விதிகள் யாவும் முன்போலவே நிற்கும். வழக்காடும் இளைஞர்கள் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேதான். சிறப்புவிதி ஒன்று கிடைத்துவிட்டால் அது எல்லாவற்றையும் விலக்கிவிட்டதாக அவர்கள் எண்ணிவிடுகின்றனர்.

இரண்டாவது கோட்பாடு, ஒரு சீட்டு “செய்யலாம்” என்றும் மற்றொரு சீட்டு “செய்ய முடியாது” என்றும் கூறினால், முடியாது என்பதே மேற்படும் என்பது. எச்சீட்டு முதலில் வந்தது, எச்சீட்டு விலையுயர்ந்தது என்பன இங்கே கருதப்படா. தடைக்கும் அனுமதிக்கும் இடையில் தடையே வலியது என்று முன்கூட்டியே தீர்த்துவைத்தமையால், எண்ணற்ற வழக்குகள் தோன்றுமுன்னரே தீர்ந்துவிட்டன.

மூன்றாவது, சொற்பொருளைப் பற்றியது. மேஜிக் ஆட்டத்தில் “அழித்தல்” என்பது வேறு, “பலியிடல்” என்பது வேறு. அழிக்க முடியாதது என்று எழுதிய உயிரி ஒன்றை, அதனை உடையவர் பலியிட நேர்ந்தால், அது போய்ச் சேரவேண்டியதுதான். “அழிக்க முடியாதது என்றால் எப்படிப் போகும்?” என்று கேட்பவர் ஊர்வழக்கின் பொருளைக் கொண்டு கேட்கிறார். விதிநூலோ இரண்டையும் தனித்தனிச் செயல்களாக வரையறுத்துள்ளது. கபோதி என்னும் சொல்லைக் கேட்டுச் சினந்த நண்பரின் மயக்கமும் இத்தகையதே அன்றோ?

நான்காவது கோட்பாடே யாவற்றினும் நுட்பமானது. அது வரிசை பற்றியது. இங்கே நாலந்தாக் கெடிகேயை மீண்டும் நினைவுகூர்தல் நலம். கட்டும்போது அடிக்கல் முதலில் வைக்கப்பட்டது. உச்சிக்கல் இறுதியில் வைக்கப்பட்டது. கழற்றும்போதோ இறுதியில் வைத்த உச்சிக்கல்லையே முதலில் எடுத்தல் வேண்டும். அடியிலிருந்து எடுக்கத் தொடங்கினால் கட்டடம் சரிந்துவிடும். மேஜிக் ஆட்டத்தில் ஒருவர் ஒரு சீட்டை ஏவினால் அது உடனே பலிப்பதில்லை. எதிரி அதற்கு விடையாக வேறொரு சீட்டை ஏவலாம். அது முன்னதன்மேல் அடுக்கப்படும். அதற்கும் விடையாக இன்னொன்று மேலே வரலாம். இருவரும் இனி ஒன்றுமில்லை என்று விட்டபின், மேலே இருப்பது முதலிற் பலிக்கும். அடியில் இருப்பது இறுதியிற் பலிக்கும். இந்த அடுக்கு முறை 1999ஆம் ஆண்டில் விதிகளைத் திருத்தியபோது நிறுவப்பட்டது. அதற்கு முன்னிருந்த முறை மேலும் சிக்கலானதாயிருந்தது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒருவரிடம் வலிமை இரண்டும் உறுதி இரண்டும் கொண்ட கரடி ஒன்று உண்டு. எதிரியிடம் மூன்று அளவு தீங்கு விளைக்கும் மின்னற் சீட்டு உண்டு. கரடிக்கு உரியவரிடம், அதன் வலிமையையும் உறுதியையும் அந்த முறை முடியும்வரை மும்மூன்று கூட்டும் வளர்ச்சிச் சீட்டு உண்டு. எதிரி மின்னலை ஏவுகிறார். கரடிக்காரர் விடையாக வளர்ச்சியை ஏவுகிறார். மேலே இருப்பது வளர்ச்சி. அது முதலிற் பலித்துக் கரடியின் உறுதி ஐந்தாகிறது. பின்னர் மின்னல் மூன்று தீங்கு செய்யினும் கரடி பிழைத்துக்கொள்ளும். இனி இதே சீட்டுகளை வரிசை மாற்றிப் பாருங்கள். கரடிக்காரர் பொறுமையின்றி முதலில் வளர்ச்சியை ஏவுகிறார். எதிரி அதற்கு விடையாக மின்னலை ஏவுகிறார். இப்பொழுது மின்னலே மேலிருப்பது. அது முதலிற் பலித்து, உறுதி இரண்டேயுள்ள கரடியை வீழ்த்துகிறது. வளர்ச்சி பலிக்க வரும்போது கரடி அங்கில்லை. ஆகவே அச்சீட்டு வீணாகிறது. சீட்டுகள் அவையே, ஆட்டக்காரரும் அவர்களே. முடிவு மட்டும் தலைகீழாயிற்று. “நான் இதைப் போட்டேன், அவன் அதைப் போட்டான்” என்று கூறுவது வழக்கைத் தீர்க்கப் போதாது. எதற்கு விடையாக எது போடப்பட்டது என்று கேட்டறிதல் வேண்டும்.

யூகியோ ஆட்டத்திலும் இத்தகைய அடுக்கு உண்டு. அதனைச் சங்கிலி என்பர். அவ்வாட்டத்தின் வழக்குகளுட் புகழ்பெற்றது “போது” என்பதற்கும் “ஆல்” என்பதற்கும் உள்ள வேறுபாடு. “இது நிகழும்போது நீர் இன்னது செய்யலாம்” என்று எழுதிய சீட்டை, அந்நிகழ்ச்சியே கடைசியாக நடந்த நிகழ்ச்சியாயிருந்தால் மாத்திரமே பயன்படுத்தலாம். அது நடந்து, உடனே வேறொன்றும் நடந்துவிட்டால் வாய்ப்புத் தவறிவிடும். “இது நிகழ்ந்தால் நீர் இன்னது செய்யலாம்” என்று எழுதியிருந்தாலோ அத்தடை இல்லை. 2011ஆம் ஆண்டில் அவ்வாட்டத்தார் ஆங்கிலச் சீட்டுகளின் நடையையே ஒழுங்குபடுத்தினர். முக்காற்புள்ளிக்கு முன் வருவது நிபந்தனை, அரைப்புள்ளிக்கு முன் வருவது கொடுக்கவேண்டிய விலை, பின் வருவது பயன் என்று நிறுத்தக்குறிகளுக்கும் பொருள் வகுத்தனர். மாறுகொளக் கூறலையும் மயங்க வைத்தலையும் நூற்குற்றங்களாக எண்ணிய பவணந்தியார் கண்டால் மகிழத்தக்க திருத்தம் அது.

ஒரே பொருளைப் பற்றி இரு சீட்டுகள் இருவேறு நிலைகளை விதித்து, இரண்டும் ஒரே தரத்தனவாயின், பிந்தி வந்தது மேற்படும் என்பது மேஜிக் ஆட்டத்தின் இன்னொரு முறை. வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினியும் இரு விதிகள் மோதுமிடத்துப் பிந்தியதே கொள்ளத்தக்கது என்று ஒரு சூத்திரம் செய்துள்ளார். பாணினிக்குப் பிந்தியது என்பது நூலின் வரிசையில் பின்னே வருவது. சீட்டாட்டத்திற்கோ காலத்தால் பின்னே வந்தது. இருவர் ஒரே நேரத்தில் ஒன்றைத் தெரிவுசெய்ய நேர்ந்தால், யாருடைய முறை நடக்கிறதோ அவரே முதலிற் கூறல் வேண்டும் என்பதும் ஒரு முறை. ஒரு சீட்டு மற்றொன்றை அகற்ற, அது இன்னொன்றைத் திருப்பிக் கொணர, இவ்வாறு எவராலும் நிறுத்த முடியாத சுழற்சி ஒன்று தோன்றிவிட்டால் ஆட்டம் சமமாக முடிந்ததெனக் கொள்ளப்படும்.

இவ்வளவு விதிகள் இருந்தும் எல்லாம் முன்கூட்டியே தீர்ந்துவிடுமா என்றால், இல்லை என்கிறது கணிதம். 2019ஆம் ஆண்டில் அலெக்ஸ் சர்ச்சில், ஸ்டெல்லா பிடெர்மன், ஒஸ்டின் ஹெரிக் என்னும் மூவர் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். எந்தக் கணினி செய்யும் கணக்கையும் மேஜிக் சீட்டுகளைக்கொண்டு அமைக்கலாம் என்று அவர்கள் அதிலே நிறுவினர். ஆகவே எந்த நிலையிலும் வெல்பவர் யாரென்று கண்டுபிடித்துத் தரும் ஒரு பொதுவழி அவ்வாட்டத்திற்கு இருக்க முடியாது என்பது அதன் முடிவு. எனவேதான் விதிநூல் எவ்வளவு பெரிதாயினும் அதற்கு மேல் ஒரு மனிதர் வேண்டியிருக்கிறார். அவரே நடுவர்.

போட்டிகளில் நடுவர் தீர்க்கும் முறை நேயர்கள் அறிந்துகொள்ளத்தக்கது. ஐயம் எழுந்தவுடன் ஆட்டம் நிறுத்தப்படும். ஆட்டக்காரர் கை உயர்த்தி நடுவரை அழைப்பர். நடுவர் முதலில் நடந்தது என்ன என்று இருவரையும் தனித்தனியே சொல்லச் செய்து, இருவரும் உடன்படும் நிகழ்ச்சிகளைப் பிரித்துக்கொள்வார். நிகழ்ச்சி தெளிவான பின்னரே விதியைப் பற்றிப் பேசுவார். சீட்டில் அச்சிட்ட பழைய வாசகத்திற்கும் பின்னர் திருத்தி வெளியிட்ட வாசகத்திற்கும் வேறுபாடு இருந்தால் திருத்திய வாசகமே கொள்ளப்படும். நடுவர் விதியைக் கூறுவாரேயன்றி, எந்தச் சீட்டைப் போட்டால் நல்லது என்று கூறமாட்டார். பிழை நேர்ந்திருந்தால், பின்னோக்கிச் சென்று பழைய நிலையை மீட்க முடியுமா என்று பார்ப்பார். முடியுமாயின் இறுதியிற் செய்ததை முதலிலும் அதற்கு முன் செய்ததை அடுத்தும் நீக்கிக்கொண்டு வருவார். பல செயல்கள் நடந்து முடிந்து, மீட்பது மேலும் குழப்பம் விளைக்கும் எனக் கண்டால், நிலையை அவ்வாறே விட்டு ஆட்டத்தைத் தொடரச் செய்வார். தீர்ப்பில் மனநிறைவு கொள்ளாதவர் தலைமை நடுவரிடம் முறையிடலாம். அவர் கூறியதே முடிவு.

தீர்ப்பு எவ்வளவு எளிதாகக் கிடைக்கும் என்பது, ஆட்டத்தில் எதனைப் பணயமாக வைத்திருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. மேஜிக் ஆட்டம் தோன்றிய காலத்தில் ஒவ்வொருவரும் தம் கட்டிலிருந்து ஒரு சீட்டைப் பணயமாக வைத்து, வென்றவர் அதனை எடுத்துக்கொள்ளும் வழக்கம் விதியிலேயே இருந்தது. சேகரித்த அரிய சீட்டை இழக்க யார்தான் மனமொப்புவர்? அவ்வழக்கம் விரைவில் வழக்கொழிந்தது. போட்டிகளில் அது விலக்கப்பட்டது. முன்னூற்று நான்கிலும் காசு நடுவே வந்தால், “பிடி யாருடையது” என்னும் கேள்வி “காசு யாருடையது” என்னும் கேள்வியாக மாறிவிடுகிறது. அதன்பின் எந்த விதிநூலும் செவியில் ஏறாது.

இனி, நடுவர் இல்லாத திண்ணையிலும் மரநிழலிலும் வீட்டு விறாந்தையிலும் ஆடுவோர் என் செய்வது? சீட்டைப் பகிருமுன் எந்த ஆட்டம், எந்த ஊர் வழக்கம், பிழைக்கு என்ன பரிகாரம் என்னும் மூன்றையும் பேசிக்கொள்ளல் வேண்டும். ஐயம் எழுந்தால், சீட்டில் எழுதியிருப்பதை நினைவிலிருந்து கூறாது, எடுத்து உரக்க வாசித்தல் வேண்டும். பாதி வழக்குகள் அவ்வளவிலேயே தீர்ந்துவிடும். அதன்பின் எது எதற்கு முன் நடந்தது என்று வரிசைப்படுத்தல் வேண்டும். பின்னர்ச் சிறப்புவிதி உண்டா, தடை உண்டா என்று பார்த்தல் வேண்டும். அப்படியும் தீராவிடின், ஆடாது பார்த்திருக்கும் ஒருவரிடம் வழக்கைக் கூறுக. கூறும்போது எந்தச் சீட்டு யாருடையது என்று சொல்லாமல், “ஒருவர் இதைப் போட்டார், மற்றவர் அதைப் போட்டார்” என்று பெயர் நீக்கிக் கூறுக. யாருக்கு ஆதாயம் என்று அறியாதவர் தரும் விடையே பெரும்பாலும் நேர்மையான விடை. அவர் சொன்னதை அன்றைய ஆட்டத்திற்கு ஏற்று, ஒரு தாளிற் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை அதே ஐயம் எழும்போது அதே தீர்ப்பை வழங்கலாம். இன்று தனக்குப் பாதகமான தீர்ப்பு நாளை மற்றவருக்கும் அவ்வாறே வழங்கப்படும் என்று கண்டால், தோற்ற சிறுவனும் அதனை மனமுவந்து ஏற்பான்.

நாலந்தாவில் மரநிழலில் அமர்ந்த அந்த நால்வரை இறுதியாக ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். ஆசா ஒன்பதா என்று பேசத் தொடங்கியவர்கள், முதலில் ஓர் ஆட்டம் ஓமி, அடுத்த ஆட்டம் முன்னூற்று நான்கு என்று உடன்படுகிறார்கள். ஒரு சாராருக்குத் தெரிந்த ஆட்டத்தில் மறுசாரார் மாணாக்கர். அடுத்த ஆட்டத்தில் அவர்களே ஆசிரியர். கபோதி என்று ஒருவர் கூவும்போது மற்றவர் சினங்கொள்ளாது சிரிக்கவும் கற்றுக்கொள்கிறார். யாருடைய விதியும் கைவிடப்படவில்லை. ஒன்றையொன்று அழிக்கவும் இல்லை. எந்த நேரத்தில் எந்த விதி செல்லும் என்பதே சீட்டைப் பகிருமுன் நால்வரும் கூடித் தீர்த்துக்கொண்டது. பஸ் வண்டி புறப்படும்வரை அவர்கள் ஆட்டம் பூசலின்றி நடைபெறும்.